எடிட்டர் ஹார்ட் டிஸ்க்கைத் தர மறுக்கிறார், என் படம் என்ன ஆகும்?

சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36. வார நாள்களில் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர், சனி ஞாயிறுகளில் படம் எடுப்பவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. மூன்றரை ஆண்டுகளாக 94 நிமிடத் தமிழ்ப் படம் ஒன்றை எடுத்து வருகிறார். சொந்தச் சேமிப்பு 38,000 வெள்ளி, அக்கா கணவர் கொடுத்த 15,000 வெள்ளி, இவ்வளவுதான் முதல். 14 மாதங்களில் 23 நாள் படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் சொந்தக் கேமராவைக் கொண்டுவந்து சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். வசனம் எழுதியவர் உயர்நிலைப் பள்ளித் தோழர். பாதியில் மனத்தாங்கல் வந்து விலகிவிட்டார், அதனால் டைட்டிலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டாராம் வாசகர். கதாநாயகனாக நடித்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், இங்கே வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் தங்குவிடுதியிலிருந்து வந்து நடித்துக்கொடுத்தார்.

எடிட்டரிடம் பேசிய தொகை 4,000 வெள்ளி, கொடுத்தது 1,500. முதல் கட், அதாவது காட்சிகளை வெட்டித் தொகுத்த முதல் வடிவம், தயாரானதும் சண்டை வந்திருக்கிறது. மீதி 2,500 வெள்ளியோடு படத்தில் 20 விழுக்காடு பங்கும் வேண்டும் என்கிறார் எடிட்டர். "நீ எடுத்துட்டு வந்தது படமே இல்ல, நான்தான் அதைப் படமாக்கினேன்" என்பது அவர் வாதம். வாசகர் வாங்கிக் கொடுத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் 17 மாதமாக அவரிடமே இருக்கின்றன. யாரோடும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவும், அதில் வாசகர் போட்ட ஒரு வரியும்தான்: "படம் ஜெயிச்சா எல்லாருக்கும் ஷேர் உண்டு."

வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்ப இன்னும் பத்து வாரம் இருக்கிறது. போலிசில் புகார் செய்யலாமா, ஃபேஸ்புக்கில் எடிட்டரின் பெயரைப் போட்டு எழுதலாமா, எழுத்தில் எதுவும் இல்லாததால் அவருடைய 20 விழுக்காடு செல்லாதுதானே, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு பத்தி: "ராத்திரி ரெண்டு மணிக்குப் புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக்கில் எடுத்தோம். அம்மா புளிசாதமும் துவையலும் கட்டிக்கொண்டு வந்து பதினோரு பேருக்குப் போட்டார். பின்னால் நின்று பரிமாறுவது தெரியாமல் ஒரு ஷாட்டில் விழுந்துவிட்டது. அதை வெட்டவே வேண்டாம் என்று சொன்னவர் இந்த எடிட்டர்தான். அம்மா போன வருஷம் போய்விட்டார். அந்த ஷாட்கூட இப்போது என்னிடம் இல்லை."

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு உங்கள் கடிதத்தைச் சட்டக் கேள்வியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் நீங்கள் ஒரு வழக்கறிஞருக்கு எழுதியிருக்கிறீர்கள், அதனால் சட்டத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். எடிட்டர் தரப்பை நான் கேட்கவில்லை.

நீங்கள் நடுவில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "ஒளிப்பதிவாளரிடம் பழைய டிஸ்க் ஒன்றில் ராவாக ஏதோ கிடக்கலாம், அதுவும் முழுசாக இருக்குமா தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். 23 நாளும் எடுத்த வெட்டாத காட்சிகள் (ஃபுட்டேஜ்) முழுவதும் அதில் இருந்தால் எடிட்டர் வைத்திருப்பது ஒரு கட், அவ்வளவுதான். இல்லையென்றால் அவர் வைத்திருப்பது உங்கள் படம் முழுவதும். இந்த இரண்டு நிலையிலும் நீங்கள் அவரிடம் பேசும் விதமே வேறு. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் வேறு யாருக்கும் முன்னால் ஒளிப்பதிவாளரைக் கூப்பிடுங்கள். அவர் வீட்டுக்கே புது டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பிரதி எடுங்கள். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் டிஸ்க் எந்த நாளும் கண் திறக்காமல் போகலாம்.

படம் யாருடையது?

"நான் இயக்கினேன், நான் காசு போட்டேன், அதனால் எல்லாம் என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதிதான் சரி.

சிங்கப்பூரில் இப்போது நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. நம் ஊரில் பதிப்புரிமையை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. ஒரு படத்தின் பதிப்புரிமை, பொதுவாக, அந்தப் படம் உருவாவதற்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்தவருக்குப் போகிறது. பணம் புரட்டியது, ஆட்களைச் சேர்த்தது, இடம் பிடித்தது, நாள் குறித்தது எல்லாம் நீங்கள்தான். அதனால் படத்தின் உரிமையாளர் நீங்கள் என்று சொல்ல வலுவான நியாயம் இருக்கிறது. உரிமை வருவது அந்த ஏற்பாடுகளால், இயக்குநர் என்ற பெயரால் அல்ல. எடிட்டர் எவ்வளவு திறமையாக வெட்டியிருந்தாலும், பேசிய கூலிக்கு வெட்டிக் கொடுத்தவர் அந்த ஒரு காரணத்துக்காகவே படத்தின் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை.

ஆனால் படத்துக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. வசனம் ஒரு தனிப் படைப்பு, அது எழுதியவருக்குச் சொந்தம். பின்னணி இசை அதை அமைத்தவருக்குச் சொந்தம். அவர்கள் உங்களிடம் சம்பள ஊழியர்களாக இருந்திருந்தால் கதை வேறு. நண்பர்களாக வந்து உதவியவர்கள் ஊழியர்கள் அல்லர். வசனத்தைப் படத்தில் பயன்படுத்தச் சொல்லித்தான் உங்கள் தோழர் எழுதிக் கொடுத்தார், ஆகவே பயன்படுத்த மறைமுகமாக அனுமதி தந்தார் என்று வாதாடலாம். அது நீதிமன்றத்தில் எடுபடக்கூடும். விழாவிலோ விநியோகத்திலோ அந்த வாதத்துக்குக் காது கொடுக்க மாட்டார்கள். அவர்கள் நீட்டும் படிவத்தில் "இந்தப் படத்தில் உள்ள எல்லா உரிமைகளும் என்னிடம் இருக்கின்றன, பின்னால் யாராவது கேட்டு வந்தால் நட்டத்தை நான் ஏற்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நிறுவனம் எதுவும் பதியாமல் சொந்தப் பெயரில் படம் எடுத்திருக்கிறீர்கள். அந்த நட்டம் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அப்புறம், தோழரின் பெயரை டைட்டிலிலிருந்து எடுத்த விஷயம். கோபத்தில் செய்திருப்பீர்கள், புரிகிறது. தயவுசெய்து இன்றே அதைத் திரும்பச் சேருங்கள். புதிய சட்டம் எழுத்தாளருக்கும் இசையமைத்தவருக்கும் நடித்தவருக்கும் தங்கள் பெயரோடு அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. பாதியில் விலகியதால் அது அற்றுப்போகாது. நீங்கள் பயன்படுத்துவது அவர் எழுதிய வசனம் என்றால் அவர் பெயர் திரையில் வர வேண்டும், அவராகவே எழுத்தில் வேண்டாம் என்று சொன்னாலொழிய. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 11 மாதம் ராத்திரி ராத்திரியாக எழுதிய மனிதர் தன் பெயர் இல்லாத படத்தை எப்படிப் பார்ப்பார்? நீங்கள் அவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டுப் போக வேண்டியவர். முதலில் பெயரைச் சேர்த்து, அதை ஒரு படமாக எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

"எழுத்தில் இல்லை, அதனால் செல்லாது"

குறைந்த முதலில் படம் எடுப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் சிங்கப்பூரில் செல்லும். வாட்ஸ்அப் செய்தி நல்ல சான்று. ஆகவே 4,000 வெள்ளிக்கு எடிட் செய்துதருவதாகப் பேசியது ஓர் ஒப்பந்தம்தான். அவர் முதல் கட்டை முடித்துக் கொடுத்திருந்தால், பேசிய கூலியில் ஒரு பகுதியாவது நீங்கள் அவருக்குத் தர வேண்டியிருக்கும். "மீதி 2,500 படம் விற்றபின்" என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதற்கு ஒப்புக்கொண்டாரா? பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள். ஒப்புக்கொண்டதற்கு ஒரு "சரி"கூட இல்லையென்றால், அந்தப் பணம் எப்போதோ கொடுத்திருக்க வேண்டிய பணம். உங்களுக்கு இது கசக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 17 மாதமாக நீங்கள் மட்டும் காயப்பட்டவர் அல்ல.

இனி இரண்டாவது பகுதி. பதிப்புரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்தும் கையொப்பமும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "எல்லாருக்கும் ஷேர் உண்டு" என்று குழுவில் போட்ட ஒற்றை வரியைப் படத்தின் உரிமையை மாற்றிக் கொடுத்ததாக வாசிப்பது மிகக் கடினம். யாருக்கு எத்தனை பங்கு, எதில் பங்கு, வசூலிலா, செலவு போன லாபத்திலா, எத்தனை ஆண்டுக்கு, எதுவும் அதில் இல்லை. 20 என்ற எண்ணும் அதில் இல்லை. எடிட்டர் பக்கம் சட்டம் இங்கே பலவீனமாகத்தான் இருக்கிறது. அதே வரியை ஒளிப்பதிவாளரும் படித்திருக்கிறார், ஒலிப்பதிவு செய்த தம்பியும் படித்திருக்கிறார், ஒப்பனை செய்த பெண்ணும் படித்திருக்கிறார். அவர்கள் அதை நம்பித்தான் 23 நாள் வந்தார்கள். நாளை படம் நான்கு காசு பார்த்தால், அத்தனை பேர் மனத்திலும் ஒவ்வோர் எண் இருக்கும். அதற்கு முன்னால் நீங்களே ஓர் எண்ணைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். உதாரணமாக, போட்ட 53,000 வெள்ளி திரும்பியபின் வரும் லாபத்தில் இத்தனை விழுக்காடு குழுவுக்கு என்று ஒதுக்கி, வேலை செய்த நாள் கணக்கில் அதைப் பிரிக்கலாம். லாபமே வராமல் போகலாம், பெரும்பாலும் வராது. இருந்தாலும் அந்தக் காகிதம் அவர்கள் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதற்குச் சாட்சி.

அக்கா கணவரின் 15,000 வெள்ளிக்கும் இதே கதைதான். அது கடனா, முதலீடா, அன்பளிப்பா? அவர் மனத்தில் ஒன்று இருக்கும், உங்கள் மனத்தில் வேறொன்று இருக்கும். ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அக்காவின் நிம்மதிக்காகவாவது.

டிஸ்க்கைத் திரும்பப் பெற

முதலில் போலிஸ். புகார் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கூலி பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றால் அதைப் பெரும்பாலும் சிவில் தகராறாகத்தான் பார்ப்பார்கள், நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். அதற்குள் எடிட்டருக்கு உங்கள்மேல் இருந்த கொஞ்ச நஞ்ச ஈரமும் காய்ந்திருக்கும்.

ஃபேஸ்புக் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதுவது முழுக்க உண்மை என்று நிரூபிக்க முடியாவிட்டால் அது அவதூறு வழக்கில் முடியலாம். அவருடைய பெயர், படம், வேலை பார்க்கும் இடம் இவற்றைப் போட்டு நாலு பேர் அவரைத் திட்டும்படி செய்தால், தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் அது குற்றமாகவே பார்க்கப்படலாம். ஒருவரை அலைக்கழிக்கும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் இங்கே குற்றம். இங்கே தமிழ்ப் படம் எடுப்பவர்கள் வட்டம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த படத்துக்கு நீங்கள் தேடப்போகும் ஒலிப்பதிவாளர் இந்த எடிட்டரின் நண்பராகத்தான் இருப்பார்.

டிஸ்க் நீங்கள் வாங்கியது, ரசீதும் இருக்கிறது என்கிறீர்கள். நல்லது, பத்திரமாக வையுங்கள். எழுத்தில் கேட்டும் தராவிட்டால் வழக்கறிஞர் கடிதம் அனுப்பலாம், அதற்கும் மசியாவிட்டால் 60,000 வெள்ளி வரையிலான சிவில் வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஆகும் செலவு உங்கள் மீதிப் பாக்கியான 2,500 வெள்ளியைத் தாண்டிவிடும், பத்து வாரத்தில் முடியவும் முடியாது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இன்னொரு வழி. சேவை ஒப்பந்தத் தகராறுகளில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் உங்களோடு வந்து வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய உத்தரவு. "முடிக்காத வேலைக்குக் கொடுத்த 1,500 வெள்ளியைத் திருப்பிக் கொடு" என்று கேட்கலாம், அவரும் எதிர்க்கோரிக்கை வைக்கலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே மனு போட வேண்டும். 17 மாதம் போய்விட்டது, உங்கள் கையில் ஏழு மாதம்தான். அதற்காக நாளையே ஓடச் சொல்லவில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று அசந்துவிட வேண்டாம், அவ்வளவுதான்.

என் மனத்தில் இருக்கும் வழி சமரசம். எடிட்டர் சொந்தமாகத் தொழில் செய்பவர் என்றால் கட்டணத் தகராறுகளுக்கு டிஏடிஎம் (வேலை தொடர்பான பூசல்களைத் தீர்த்துவைக்கும் முத்தரப்பு அமைப்பு) தரும் சமரச உதவியை நாடலாம். அதற்கும் முன்னால் நீங்கள் இருவரும் மட்டும், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்று பாருங்கள். உங்கள் தரப்பிலிருந்து நியாயமாகக் கொடுக்கக்கூடியது என்று நான் நினைப்பது: 2,500 வெள்ளி முழுவதும், டிஸ்க்குகளும் எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பும் கைமாறும் அதே நேரத்தில். டைட்டிலில் அவர் பெயர் தனி கார்டாக. குழுவுக்கு ஒதுக்கும் லாபப் பங்கில் அவருக்கும் ஒரு பகுதி. படத்தின் உரிமையில் பங்கு கிடையாது. அவர் பக்கத்திலிருந்து: இந்தப் படத்தில் தனக்கு இருக்கக்கூடிய எல்லா உரிமையையும் உங்களுக்கு மாற்றித்தருவதாக ஒரு கையெழுத்து.

2,500 வெள்ளி கையில் இல்லை என்கிறீர்கள். விழாவின் நுழைவுக் கட்டணத்துக்கும் சப்டைட்டிலுக்கும் என்று 1,900 ஒதுக்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படமே கையில் இல்லாமல் சப்டைட்டில் எதற்கு? அதை இங்கே போடுங்கள். மீதி 600 வெள்ளிக்கு இரண்டு மாதத் தவணை கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நடித்தவர்

நீங்கள் கேட்காத இடம் இது. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

"சம்பளம் எதுவும் கொடுக்கவில்லை, சாப்பாடும் ஃபோன் டாப்அப்பும்தான், அதனால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தில் ஒருவரை வேலைக்கு வைப்பது என்பதன் பொருள் விரிவானது. சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒருவருடைய சேவையைப் பயன்படுத்திக்கொள்வது அதற்குள் வரலாம். வொர்க் பெர்மிட் வைத்திருப்பவர் அதில் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையைத்தான் செய்யலாம். முறையான அனுமதி இல்லாமல் வெளிநாட்டவரை வேலைக்கு வைத்ததாக முடிவானால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் நண்பர் விரும்பி வந்து நடித்ததை மனிதவள அமைச்சு அப்படித்தான் பார்க்கும் என்று நான் சொல்லவில்லை. பார்க்க இடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இதில் யாருக்கு அதிக இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அபராதம் கட்டிவிட்டு அங் மோ கியோவிலேயே இருப்பீர்கள். அவருக்கு வொர்க் பெர்மிட் போனால் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆறு நாள் வெயிலில் கம்பி கட்டிவிட்டு ஏழாம் நாள் உங்களுக்காகத் துவாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர்.

அதனால் மூன்று காரியம். அவரை வைத்து இனி ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள், டப்பிங்குக்கும் கூப்பிடாதீர்கள். இதைப் பற்றி யாருக்கும் எழுத்தில் எதுவும் அனுப்பாதீர்கள், எனக்கும்கூட. விழாவுக்குப் படத்தை அனுப்புவதற்குமுன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்துகொண்டு போகலாம். அங்கே முதலில் இதைக் கேளுங்கள், எடிட்டர் விவகாரத்தை அப்புறம் கேளுங்கள். அந்த வழக்கறிஞர் சொல்வதை உங்கள் நண்பரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். படம் வெளியே போவதா வேண்டாமா என்பதில் அவருக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும்.

காப்பிக்கடைப் பாட்டு

காப்பிக்கடைக் காட்சியில் பழைய சினிமாப் பாட்டு 40 விநாடி ஒலிக்கிறது, "30 விநாடி வரைக்கும் பரவாயில்லை என்கிறார்களே, பத்து விநாடி வெட்டிவிட்டால் போதுமா" என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை. நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, உரிமையாளரின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு என்று பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பது. காட்சிக்கு உணர்ச்சி ஏற்றுவதற்காக ஒரு பாட்டை வைப்பதை அதற்குள் அடக்குவது கடினம். கடைக்காரர் பாட்டுப் போட உரிமம் வாங்கியிருந்தால் அது கடையில் போடுவதற்கு. உங்கள் படத்தில் சேர்ப்பதற்கு வேறு அனுமதி வேண்டும், அதுவும் மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. உங்கள் முதலுக்கு அது கட்டுப்படியாகாது. பாட்டை எடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னணி இசை அமைத்த தம்பியே அந்தக் காலத்து ரேடியோ மாதிரி ஒரு மெட்டுப் போட்டுத் தருவார். பாட்டோடு சேர்ந்து பதிவான பேச்சைத் திரும்பப் பதிய வேண்டியிருக்கும். கடிதத்தைப் பார்த்தால் அந்தக் காட்சியில் பேசுவது இரண்டு உள்ளூர்ப் பெண்கள் மட்டும், ஆகவே டப்பிங் அரை நாள் வேலை.

வாய்ட் டெக்கில் நகர மன்றத்தின் அனுமதி வாங்காமல் எடுத்திருக்கிறீர்கள். எடுத்தது எடுத்ததுதான். ஆனால் அனுமதி வாங்கியதாக எந்தப் படிவத்திலும் எழுதிவிடாதீர்கள். இங்கே பொதுவில் திரையிடும் நாளில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தர வகைப்பாடு தேவை, சின்ன அரங்கமாக இருந்தாலும் சரி.

கோல்டன் மைல் டவரில் 2014இல் தொடங்கிய தி புரொஜெக்டர் திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடிவிட்டதே, இனி எங்களை மாதிரி ஆட்கள் படத்தை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஓல்டம் தியேட்டரில் ஆசியத் திரைப்படக் காப்பகம் படங்களைத் திரையிடுகிறது. 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா இருக்கிறது. அடுத்த படத்துக்குச் சிங்கப்பூர்த் திரைப்பட ஆணையத்தின் நிதியுதவிக்கும் முயலலாம். கதவுகள் குறைந்திருக்கின்றன, ஒன்றுமே இல்லாமல் போகவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் கேட்கப்போவது அந்த உரிமைக் காகிதத்தைத்தான்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். இந்த ஆண்டு விழாவை விட்டுவிடலாம். மேலே சொன்னதெல்லாம் பத்து வாரத்தில் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவசரத்தில் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். விழா அடுத்த ஆண்டும் வரும். படத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சட்டமும் அதற்குக் காரணம் எதையும் தரவில்லை.

எடிட்டருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பலமுறை எழுதி எழுதி அழித்ததாகச் சொன்னீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"உன் மீதிக் கூலி 2,500 வெள்ளியைக் கொடுக்க வருகிறேன். அதை இவ்வளவு நாள் இழுத்தது என் தப்பு. இப்போது 1,900 தருகிறேன், மீதி 600 இரண்டு மாதத்தில். டிஸ்க் ரெண்டும் ப்ராஜெக்ட் கோப்பும் வேண்டும். உன் பெயர் தனி கார்டில் வரும். லாபம் வந்தால் குழுவுக்கு எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவருகிறேன், படித்துப் பார்த்துச் சொல். அம்மா நிற்கும் அந்த ஷாட்டை வெட்ட வேண்டாம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா?"

ஒளிப்பதிவாளரின் டிஸ்க்கைப் பிரதி எடுத்து முடித்த பிறகு இதை அனுப்புங்கள்.